அறிவுரைக்கும் தண்டனைக்கும் நடுவே

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் சொல்லும் புகார் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். கெட்டிக்காரன், கேட்டால் பதில் சொல்லுகிறான். ஆனால் எழுதச் சொன்னால் எழுதுவதில்லை, உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை, எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை. இந்தப் புகாரின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. வகுப்பில் ஓடக்கூடாது, பக்கத்துப் பிள்ளையை நோண்டக்கூடாது, கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற விதிகளை அவனிடமே கேட்டுப் பாருங்கள். பிசகாமல் ஒப்பிப்பான். ஒப்பித்துவிட்டு இடத்துக்குத் திரும்பும் வழியிலேயே மூன்றில் ஒன்றை மீறுவான். ஆக, மண்டையில் ஏறியிருக்கிறது. ஏறியது, வேண்டிய நேரத்தில் கைக்கும் காலுக்கும் வாய்க்கும் வந்து சேர்வதில்லை. நான் இன்று பேச வந்தது முழுக்க இதைச் சுற்றித்தான். நம் பள்ளிகள் இந்தக் குழந்தைக்குச் செய்கிற உதவி, காரியம் நடப்பதற்கு வெகு முன்னால் அறிவுரையாக வருகிறது. இல்லையென்றால் எல்லாம் முடிந்த பிறகு தண்டனையாக வருகிறது. நடுவில் இருக்கும் அந்த நொடியில் பிள்ளை தனியாக நிற்கிறது. வகுப்பறையின் ஏற்பாடுகளை அந்த நொடிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1902இல் லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய உரைகளில் 43 குழந்தைகளை விவரித்தார். அறிவில் குறையில்லாத பலரும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் தங்களைத் தடுத்து நிறுத்திக்கொள்ள அவர்களால் முடியவில்லை. அதை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று கருதினார். அந்தக் காலத்து மொழி அது. நம் பள்ளி வராந்தாக்களில் இன்னும் அதே மொழிதான் புழங்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் கவனத்தை மையமாக வைத்தது. இன்றைய பெயர் 1987இல் வந்தது. 1997இல் ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் மையத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். எழும் உந்துதலை ஒரு கணம் நிறுத்திப் பிடிக்கும் திறனே அடிப்படை; அது தளர்ந்தால் நினைவில் வைத்து வேலை செய்வதும், நேரத்தை உணர்வதும், நாளைக்காக இன்று உழைப்பதும் சேர்ந்தே தளரும் என்றார். தெரிந்துகொள்வதில் உள்ள குறை இல்லை, தெரிந்ததைச் செய்வதில் உள்ள குறை என்பது அவர் ஓயாமல் சொல்லிவரும் கருத்து. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தக் குறைபாடு உள்ள 223 குழந்தைகளின் மூளைப் படங்களை மற்ற 223 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை அதன் உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றக் குழந்தைகளில் ஏழரை, குறைபாடு உள்ளவர்களில் பத்தரை. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, கடிகாரம்தான் பின்தங்கியிருந்தது; முன்மூளைப் பகுதியில் தாமதம் இன்னும் அதிகம். எல்லாப் பிள்ளைக்கும் மூன்று வயதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மனம் வைத்தால் முடியும் என்று அடித்துச் சொல்லுகிறவர்கள் எதன்மேல் பழி போடுகிறார்கள் என்பதை மட்டும் இது காட்டுகிறது.

இந்த இடத்தில் ஒரு தந்தையின் குரல் எழும் என்று எனக்குத் தெரியும். அது நியாயமான குரல். "மொபைலைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளாமல் அதற்குள்ளேயே போய்ப் பார்த்தால் விடை கிடைக்கிறது. விளையாட்டுச் செயலி என்ன செய்கிறது? ஒரு நேரத்தில் ஒரே வேலையைக் கொடுக்கிறது. விரல் பட்ட மறுகணமே சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. எத்தனை மிச்சம், எவ்வளவு நேரம் பாக்கி என்பதைத் திரையின் ஓரத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. தோற்றால் திட்டுவதில்லை, இரண்டே நொடியில் மறு வாய்ப்பு. வகுப்பறையைப் பாருங்கள். திங்கட்கிழமை எழுதிய கணக்குத் திருத்தப்பட்டு வியாழக்கிழமை கைக்கு வருகிறது. காலாண்டுத் தேர்வின் பலன் மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறது. நன்றாகப் படித்தால் நல்ல வேலை என்பது பதினைந்து ஆண்டுக்கு அப்பால். தள்ளிவரும் பலனுக்காகக் காத்திருப்பது இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடக் கடினம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். ஆகவே மொபைல் காட்டுவது பிள்ளையின் போலித்தனத்தை இல்லை. பலன் பக்கத்தில் இருக்கும்போது அந்த மூளை எப்படி நடக்கும், தள்ளிப்போகும்போது எப்படி நடக்கும் என்பதை அது காட்டுகிறது. வகுப்பு விளையாட்டுச் செயலியாக மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி மாற்ற முயலும் கல்வி வியாபாரிகள் போதுமான அளவு இருக்கிறார்கள். பலனுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை மட்டும் குறைக்கலாம்.

அறிவுரையும் தண்டனையும் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு 1968இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த சான்று. முதல் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி இடத்தை விட்டு எழுந்தார்கள். பிள்ளைகள் எழும்போதெல்லாம் "உட்கார்" என்று சொல்வதை அதிகமாக்கும்படி ஆய்வாளர்கள் ஆசிரியர்களிடம் சொன்னார்கள். எழுவது அதிகமானது. ஒவ்வொரு முறையும் சொன்னவுடன் பிள்ளை உட்காரத்தான் செய்தது. அதனால் ஆசிரியருக்குத் தன் அதட்டல் பலித்துவிட்டது என்ற தோற்றம். ஆனால் ஒட்டுமொத்தக் கணக்கில் எழுகிறவர்கள் பெருகினார்கள், ஏனென்றால் எழுந்தால்தான் ஆசிரியரின் கண் படுகிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்து ஒரு சொல் பாராட்டத் தொடங்கியபோது எழுவது குறைந்தது. அதே காலத்தில் இன்னோர் ஆய்வு, வகுப்பு முழுவதும் கேட்கும்படி திட்டுவதையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொல்வதையும் ஒப்பிட்டது. மெல்லச் சொன்னபோதுதான் குறும்பு குறைந்தது. இரண்டிலும் ஒரு காசு செலவில்லை, ஒரு கருவி தேவையில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இது அச்சில் இருக்கிறது. ஆனாலும் பெஞ்சுமேல் ஏறி நிற்பதும், வகுப்புக்கு வெளியே முட்டிபோடுவதும், நூறு முறை இம்போசிஷன் எழுதுவதும் நம்மைவிட்டுப் போகவில்லை. உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், வெளியே நிற்கவைக்கப்பட்ட பிள்ளைக்கு நாம் உண்மையில் கொடுத்தது என்ன? கடினமான பாடத்திலிருந்து விடுதலை, கூடவே நடமாட்டத்தை வேடிக்கை பார்க்க ஒரு வராந்தா.

அப்படியானால் அந்த நொடியில் என்ன வைக்கலாம்? முதலில் கட்டளை. "புத்தகத்தை மூடிவிட்டு, கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, 42ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நான்கு கட்டளைகளையும் மனத்தில் வைத்திருந்து வரிசையாகச் செய்வது இந்தப் பிள்ளைக்கு மூன்றாவது கணக்கைவிடக் கடினமான வேலை. ஒவ்வொன்றாகச் சொல்லி, பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்தால், மறந்தபோது பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. பத்துக் கணக்கை மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதில் மூன்று கொடுத்து, முடித்ததும் மேஜைக்கு வந்து காட்டச் சொல்லலாம். திருத்தம் உடனே கிடைக்கிறது, எழுந்து நடக்க நியாயமான காரணமும் கிடைக்கிறது. அடுத்து நேரம். "இன்னும் பத்து நிமிடம்தான்" என்ற எச்சரிக்கை, நேரத்தின் ஓட்டத்தை உள்ளுக்குள் உணர முடியாத பிள்ளைக்கு வெறும் சத்தம். சுவரில் ஒரு கடிகாரமும், பெரிய முள் எங்கே வந்தால் முடிக்க வேண்டும் என்று பலகையில் ஒரு கோடும் போதும். பிறகு கடைசி மணி. வீட்டுப்பாடத்தை எழுதிக்கொள்வது, சரியான நோட்டைப் பையில் வைப்பது, ஜாமெட்ரி பாக்ஸைத் தேடுவது எல்லாம், பிள்ளைகள் ஏற்கெனவே வாசலை நோக்கி நகர்ந்துவிட்ட இரண்டு நிமிடத்தில் நடக்கின்றன. மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே டைரி எழுதவைத்து, பக்கத்து மாணவர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் மறுநாள் காலைச் சண்டைகளில் பாதி நின்றுவிடும். இப்போது பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் வாட்ஸ்ஆப் குழுவில் வருகிறது. பிள்ளையின் மறதிக்கு இது தீர்வு என்று நினைக்கிறோம். நடந்தது, பிள்ளையின் வேலை அம்மாவின் தலைக்கு மாறியதுதான்.

அசைவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்களின் சினம் அதிகம் செலவாவது அங்கேதான். மத்திய புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களுக்கு நினைவில் வைத்து வரிசைப்படுத்தும் வேலையைக் கொடுத்து, அவர்களுடைய உடலசைவை அளந்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்கள் கூடுதலாக அசைந்தபோது விடைகள் மேம்பட்டன. மற்றச் சிறுவர்களுக்கு நேர்மாறு. நாற்காலியில் நெளிவதும் காலாட்டுவதும் பலருக்கு, விழிப்பைத் தக்கவைக்க உடல் செய்யும் முயற்சியாக இருக்கலாம் என்பதுதான் இதன் சாரம். கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லும்போது, பிள்ளை தன் சக்தி முழுவதையும் அசையாமல் இருப்பதற்கே செலவழிக்கிறது, பாடத்துக்கு மிச்சமில்லை. வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதலாம், நோட்டுகளைச் சேகரிக்கலாம், பலகையைத் துடைக்கலாம். அடுத்தவரின் இடத்துக்குப் போகக்கூடாது. வீட்டுப்பாடம் முடிக்காததற்காகப் பி.டி. பீரியடை வெட்டுவது, மருந்தை நிறுத்துவதைத் தண்டனையாகக் கொடுப்பதற்குச் சமம்.

இடமும் ஒரு செய்திதான். நம் பள்ளிகளில் யார் எங்கே உட்காருவது என்பதை உயரம் தீர்மானிக்கிறது. குள்ளமானவர்கள் முன்னே, வளர்ந்தவர்கள் பின்னே. சேட்டைக்காரனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது கூடுதல் மரபு. ஆசிரியரின் கை எட்டும் தூரத்தில், ஜன்னலுக்கும் கதவுக்கும் அப்பால், நிதானமான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால், தோளில் விரல் வைத்தே நினைவூட்டிவிடலாம். பெயரைக் கூப்பிட வேண்டியதில்லை. சுவர்களையும் கவனியுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புப் பிள்ளைகள் படங்கள் நிறைந்த அறையில் 38.6 சதவீத நேரம் பாடத்தை விட்டு விலகினார்கள். வெறுஞ்சுவர் அறையில் 28.4 சதவீதம். அவர்கள் சாதாரணப் பிள்ளைகள்தான். ஆய்வு சிறியது, 24 பேர்தான். ஆனாலும் கண்ணுக்கு நேரே இருக்கும் பலகைச் சுவரையாவது காலியாக விட்டு, அலங்காரத்தைப் பின்சுவருக்கு மாற்றுவதில் என்ன நட்டம்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் ஆய்வு, அங்கே ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள்" என்று சொல்லப்படும். தொடக்க வகுப்பில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது நம் சட்டம். நாற்பது, ஐம்பது பேர் நெருக்கியடித்திருக்கும் வகுப்புகளும் நம்மிடம் உண்டு. இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். தனி உதவியாளர், தனி அறை போன்றவை நம் நிலைமைக்கு அப்படியே வராது. ஆனால் மேலே சொன்னவற்றில் எது ஆளைக் கேட்கிறது, எது பணத்தைக் கேட்கிறது? மெல்லிய குரலுக்கு மாணவர் எண்ணிக்கை தடையில்லை. இன்னொன்று, இதற்கு நெருக்கமான ஒன்றை நம் தமிழ்நாடே செய்து பார்த்திருக்கிறது. ஆந்திரத்து ரிஷிவேலியின் ஊரகப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக உடைந்தது. ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம், அடுத்த அட்டை எது என்று பிள்ளைக்கே தெரிந்தது. எழுந்து போய் அட்டையை எடுப்பதும் குழு மாறுவதும் பாடத்தின் பகுதியாயின. கீழ்மட்டக் கரும்பலகையில் பிள்ளை எழுதியதை அங்கேயே திருத்த முடிந்தது. ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. ஆனாலும் வேலையைச் சிறிதாக்கி, பலனைப் பக்கத்தில் வைத்து, நடமாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய ஏற்பாடு அது. அதன் சத்தமும், அட்டைகளின் நெரிசலும், தலைக்குமேல் கம்பிப் பந்தலில் ஆடிய தாள்களும் எளிதில் கவனம் சிதறும் பிள்ளைக்குப் பாதகமாகவும் இருந்திருக்கும். மாநிலத் தொடக்கப் பள்ளிகளின் இன்றைய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. அந்த வகுப்புகளில் ஒரு பிள்ளை எதைக் கற்றிருக்கிறது என்று கேட்பதோடு, எத்தனை நிமிடம் துணையின்றி வேலை செய்கிறது என்றும் கேட்கலாம்.

அடுத்த மறுப்பு நியாயம் பற்றியது. ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா, பாராட்டும் நட்சத்திர ஸ்டிக்கரும் லஞ்சம் இல்லையா? கேட்பார்கள், கேட்டால் அவர்களுக்கும் கொடுங்கள் என்பதே என் பதில். பலகையில் எழுதிய கட்டளை, கண்ணுக்குத் தெரியும் கடிகாரம், உடனடித் திருத்தம் ஆகியவற்றால் கெட்டுப்போகும் பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை. லஞ்சம் என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தலாம். மாதச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் நம்மில் எத்தனை பேர் உற்சாகமாக வேலைக்குப் போவோம்? தினசரி அறிக்கை அட்டை என்று ஒன்று உண்டு. மூன்று நான்கு குறிக்கோள்களை மட்டும் எழுதி, ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆம், இல்லை என்று குறித்து, மாலையில் வீட்டுக்கு அனுப்புவது. 2010இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தபோது நடத்தையும், வகுப்பில் வேலை முடிப்பதும் மேம்பட்டன. பொதுத் தரத் தேர்வு மதிப்பெண்களில் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை மறைத்துப் பேசினால் பெற்றோரை ஏமாற்றுவதாகும். வகுப்பறை மாற்றம் ரேங்க் வாங்கித் தரும் வித்தை இல்லை. பிள்ளை அடிபடாமல், அவமானப்படாமல், தொடங்கிய வேலையை முடிக்கும் நாட்களை அது அதிகமாக்கும்.

மிகவும் கடினமான மறுப்பு வேறு. துறுதுறுப்பான பிள்ளைக்கெல்லாம் நோய்ப்பெயர் சூட்டுகிறார்கள் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. செப்டம்பர் 1ஐ வயது வரம்பாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்யப்படும் வாய்ப்பு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வகுப்பிலேயே இளையவன் என்பதற்காக ஒரு பிள்ளை நோயாளியாகிறான். எண்ணிக்கையும் அளக்கும் விதத்தைப் பொறுத்து ஆடுகிறது. 2007இல் உலக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 5.29 சதவீதம் என்றார்கள். கோயம்புத்தூரில் 770 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் என்றது. மறுபக்கம், ஜன்னலோரம் சத்தமில்லாமல் கனவில் மூழ்கியிருக்கும் பெண்பிள்ளை கணக்கிலேயே வருவதில்லை. அவள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. "மந்தம்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. ஆகவே பெயர் சூட்டுவதை மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் விட்டுவிடுவோம். அவர்களும் வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அறிகுறி இருக்கிறதா, பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொன்ன மாற்றங்கள் எதற்கும் ஆசிரியரின் கையில் சான்றிதழ் தேவையில்லை. தவறாகப் பெயர் சூட்டப்படும் ஆகஸ்ட் பிள்ளைக்கும், பெயரே பெறாத ஜன்னலோரப் பெண்ணுக்கும் அவை ஒருசேரப் பயன்படும். சான்றிதழை நம்பியிருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். அது மருத்துவரின் துறை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 579 குழந்தைகளைப் பதினான்கு மாதம் கவனித்தார்கள்; அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவு பார்த்துத் தந்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட மேலாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வேறுபாடு மறைந்திருந்தது. மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு அதை மறுப்பது கொடுமை. ஆனால் மருந்து பிள்ளையை இருக்கையில் இருத்தலாம். எந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன்; இது தலைமை ஆசிரியர்களுக்கு. ஐந்தாம் வகுப்புவரை ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பார்த்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவராகப் பல ஆசிரியர்களிடம் போகிறது; பல நேரம் பள்ளியே மாறுகிறது. நோட்டுகள் பெருகுகின்றன, ஒவ்வொருவரின் விதியும் வேறு, மணிக்கு மணி எல்லாமே மாறுகிறது. அதுவரை சமாளித்த பிள்ளைகளும் அங்கேதான் சறுக்குகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் போகிறது, மதிப்பெண் போகிறது, கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் விவரங்கள் எத்தனை என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைக்கு எது பலித்தது என்பது மட்டும் போவதில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தால் எழுதினான், எத்தனை கணக்குக்கு ஒரு முறை காட்ட வந்தான், எந்தச் சைகை போதுமானதாக இருந்தது என்று ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் அரைப் பக்கம் எழுதி, பெற்றோரின் சம்மதத்தோடு, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முன் ஆறாம் வகுப்பாசிரியரின் கையில் சேர்ப்பிக்கலாம். அந்தத் தாளில் குறைபாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.